கையிலிருக்கும் கருவியின் உள்ளே



விழாக் குழுவினர் முதலில் எனக்குத் தந்த தலைப்பு 'கல்வியே செல்வம்' என்பதாகும். அத்தலைப்பில் இம்மேடையில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் பேசியிருக்கிறோம். நானே மூன்று முறை பேசியிருக்கிறேன். ஆதலின் இம்முறை மாற்றித் தருமாறு வேண்டினேன். செல்பேசியின் உள்ளே இருப்பது யாது, அதனை இயக்குவது யாது என்று பேசுகிறேன் என்றேன். செயலாளர் சற்றுத் தயங்கினார். "பிள்ளைகள் ஏற்கெனவே அதிலேயே கிடக்கிறார்கள், நீங்களுமா சார்?" என்றார். அதிலேயே கிடக்கிறார்கள் என்பதனால்தான் பேச வேண்டும் என்றேன்.

நான் வரலாற்றுப் பட்டதாரி. பொறியியல் படித்தவனல்லன். இப்பொருளை நான் கற்றது ஏட்டிலன்று. என் பழைய மாணவர் ஒருவர் பேருந்து நிலையத்தின் அருகே நடத்திவரும் செல்பேசிப் பழுதுபார்க்கும் கடையின் முக்காலியில் அமர்ந்து கற்றேன். அம்முக்காலிக்கு என்னை அனுப்பிய நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுகிறேன்.

2021 ஆம் ஆண்டு. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்தன. பாடங்கள் செல்பேசி வழியே போய்க்கொண்டிருந்தன. நம் காலனியைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாயாருடன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். வீட்டிலிருந்த ஒரே செல்பேசி அடிக்கடி நின்று நின்று தானே மறுபடி தொடங்குகிறது, பாடம் திறக்கவில்லை. கடையொன்றில் காட்டினார்களாம். போர்டு போய்விட்டது, 2,500 ரூபாய் ஆகும் என்று அங்கே கூறினார்களாம். நூறு நாள் வேலையில் கிடைத்த கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்த அத்தாய் என்னைப் பார்த்து, "சார், நீங்க படிச்சவங்க. போர்டுன்னா என்ன? நெசமாவே போயிடுச்சா?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் வாயடைத்து நின்றேன். அன்று மாலையே நான் குறிப்பிட்ட பழைய மாணவரிடம் அச்செல்பேசியைக் கொண்டு சென்றேன். அவர் அதனைத் திறக்கவே இல்லை. அமைப்புகள் என்னும் பகுதியைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது 16 ஜிபி. முழுசா நிறைஞ்சு போச்சு" என்றார். காலை வணக்கப் படங்களும் பலரும் அனுப்பிய காணொளிகளுமாக உள்ளே மூச்சுவிட இடமில்லை. அவற்றை நீக்கினார், செல்பேசி நடந்தது. பணம் வாங்கிக்கொள்ளவில்லை. போர்டுக்கு யாதொரு கேடும் இல்லை.

நிற்க. போர்டு என்பது யாது? அதற்கு ஒரு செல்பேசியைத் திறந்து பார்க்க வேண்டும். மேலே இருப்பது திரை. கண்ணாடியும், தொடுவதை உணரும் நுண்படலமும், படத்தைக் காட்டும் பலகையும் ஒன்றாக ஒட்டப்பட்டு வருவதனால் கடைக்காரர்கள் இதனைக் 'காம்போ' என்பர். கீழே விழுந்து உடைந்த செல்பேசிக்கு வேண்டுவது பெரும்பாலும் இது ஒன்றே. உள்ளே பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பேட்டரி. எஞ்சிய மூலையில், உள்ளங்கையில் பாதியளவுகூட இல்லாத பச்சை அல்லது கறுப்பு நிறத் தகடு ஒன்று இருக்கும். அதுதான் போர்டு. அதன்மேல் அரிசியினும் நுண்ணிய உறுப்புகள் நூற்றுக்கணக்கிலும், விரல்நகம் போன்ற கறுப்புச் சதுரங்கள் சிலவும் பற்ற வைக்கப்பட்டிருக்கும். அச்சதுரங்களே சில்லுகள்.

அவற்றுள் தலையாயது மையச் சில்லு. கணக்கிடும் பகுதி, படம் வரையும் பகுதி, கோபுரத்தோடு பேசும் பகுதி, கேமரா தருவதைச் செப்பனிடும் பகுதி ஆகிய பலவும் அந்த ஒரே சில்லில் அடங்கியிருக்கின்றன. அதன் முதுகின்மேலேயே பெரும்பாலும் ராம் என்னும் தற்காலிக நினைவகம் ஏறி அமர்ந்திருக்கும். பக்கத்தில் சேமிப்புச் சில்லு இருக்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் அரியர். '4 ஜிபி, 64 ஜிபி' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் முன்னது ராம், பின்னது சேமிப்பு. நான் மாணவர்களுக்கு இப்படிச் சொல்வதுண்டு: ராம் என்பது கரும்பலகை, சேமிப்பு என்பது நூலக அலமாரி. ஆசிரியர் அப்போதைக்கு வேண்டியதை அலமாரியிலிருந்து எடுத்துக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறார். மணியடித்தால் பலகை துடைக்கப்படும். அலமாரியில் உள்ளது அப்படியே இருக்கும். பலகை சிறிதாயின் அடிக்கடி அழித்து அழித்து எழுத வேண்டும். அதுவே செல்பேசி மெதுவாதல். அலமாரி நிரம்பிவிட்டால் புதிய வருகைப் பதிவேட்டை வைக்கவும் இடமிராது. அன்றாட நிருவாகமே நின்றுபோகும். அம்மாணவியின் செல்பேசிக்கு நேர்ந்தது இதுதான்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் உயிருக்கு ஊறு செய்ய வல்லது உள்ளே அது ஒன்றே. இது லித்தியம் அயனிப் பேட்டரி. 1991 ஆம் ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனம் இதனை முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் அடிப்படையைக் கண்டறிந்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃப் அவர்களுக்கு வயது 97! ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் என்போன்றோர் இதனைக் கேட்டு நாணலாம். இப்பேட்டரியில் சேரும் கோபால்ட்டின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் கையால் குழி தோண்டி அதனை எடுக்கிறார்கள் என்பதை ஆம்னெஸ்டி நிறுவனம் 2016 இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. பிறர் வாழ்வு வளம்பெறக் குழிக்குள் இறங்குவோரை நாம் அறியாதவர்களல்லர்.

வெப்பம் பேட்டரியை விரைவில் மூப்படையச் செய்யும். தலையணையின் கீழ் வைத்து இரவெல்லாம் மின்னேற்றுவது, வெயிலில் வண்டியின் முன்பெட்டியில் போட்டுவைப்பது ஆகியன அதன் ஆயுளைக் குறைக்கும். செல்பேசியின் முதுகு புடைத்துத் திரை மேலெழும்பினால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்பது பொருள். அதனை அழுத்துவதும், ஊசியால் குத்துவதும், தொடர்ந்து மின்னேற்றுவதும் தீப்பற்றச் செய்யும். உடனே அணைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோய் மாற்றுக. மற்றொன்று: மின்னேறவில்லை என்று கடைக்கு வரும் செல்பேசிகளில் பலவற்றுக்கு வந்த நோய், சார்ஜிங் பின் செருகும் துளையில் சட்டைப்பைப் பஞ்சு அடைத்துக்கொண்டதே. செல்பேசியை அணைத்துவிட்டு மரக்குச்சியின் நுனியால் மெல்ல எடுத்துவிட்டால் தீர்ந்தது. இதனை நான் சொன்னதாக என் பழைய மாணவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் பிழைப்பையும் பார்க்க வேண்டும்.

இனி, மையச் சில்லு பிறந்த கதை. இதில் பள்ளிக்கூடத்துக்குப் பங்குண்டு என்பதனால் எனக்கு இது மிகவும் உவப்பானது. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிபிசி நிறுவனம் மக்களுக்குக் கணினி அறிவூட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கான கணினியைக் கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் என்னும் சிறு கம்பெனி செய்துகொடுத்தது. அந்நாட்டுப் பள்ளிகள்தோறும் அது சென்றது. அடுத்த கணினிக்குத் தகுந்த சில்லு கிடைக்காமற்போகவே, தாமே ஒன்றை வடிவமைக்கத் துணிந்தனர். சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவர் முன்னின்றனர். பெருங்கம்பெனிகளிடம் இருந்த ஆளும் பொருளும் அவர்களிடம் இல்லை; ஆதலின் கட்டளைகளைக் குறைத்து எளிமையாக வடிவமைத்தனர். 1985 ஏப்ரல் 26 அன்று முதற்சில்லு கைக்கு வந்தது. அது உண்ணும் மின்சாரத்தை அளக்கக் கருவியை வைத்தபோது, சுழியம் என்று காட்டியது. மின்னிணைப்பே கொடுக்கப்படவில்லை என்பது பின்னரே தெரிந்தது. மற்ற கம்பிகளின் வழியே கசிந்த சிறு மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்ததாம்! அந்தச் சிக்கன வழியில் வந்தவையே ஆர்ம் வகைச் சில்லுகள். இன்று நாம் கையில் வைத்திருக்கும் செல்பேசிகள் ஏறத்தாழ அனைத்திலும் இருப்பவை இவையே.

அதே ஏகார்ன் கம்பெனியின் பிபிசி கணினிகள் 1984ஐ ஒட்டி நம் நாட்டுக்கும் வந்தன. நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் கீழ்த் தேர்ந்தெடுத்த சில நூறு பள்ளிகளுக்கு அவற்றை அனுப்பியது. நான் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவன். எங்கள் பள்ளிக்கு வரவில்லை. வந்ததாக ஒரு செய்திகூட வரவில்லை. அப்படியொன்று நடந்தது என்பதை நான் அறிந்ததே ஐம்பது வயதைக் கடந்த பின்னர்தான்.

இஃதிவ்வாறிருக்க, எவ்வளவு சிறந்த சில்லாயினும் தானாக ஒன்றும் செய்யாது. எதனை முதலில் செய்வது, யாருக்கு எவ்வளவு நினைவகம் தருவது, கேமராவை இப்போது யார் பயன்படுத்தலாம் என்றெல்லாம் முறைப்படுத்தும் மென்பொருள் ஒன்று வேண்டும். அதுவே இயங்குதளம். பள்ளியில் தலைமையாசிரியரின் வேலை போன்றது. அவர் பாடம் நடத்துவது குறைவு. கால அட்டவணை போடுவதும், அறை ஒதுக்குவதும், சண்டை தீர்ப்பதுமே அவர் தொழில். அவர் இருப்பது யாருக்கும் தெரியாதவரை பள்ளி நன்றாக நடக்கிறது என்று பொருள்.

இன்று உலகை ஆள்பவை இரண்டே இயங்குதளங்கள். ஒன்று ஆப்பிள் கம்பெனியின் ஐஓஎஸ். 2007 இல் ஐஃபோனுடன் வந்தது. அக்கம்பெனியின் கருவிகளில் மட்டுமே ஓடும். மற்றொன்று ஆண்ட்ராய்டு. நம் நாட்டில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட செல்பேசிகளில் இருப்பது இது. இதன் உட்கருவாகிய லினக்ஸ், 1991 இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர் எழுதத் தொடங்கியது. அவர் அதனைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்று திறந்துவிட்டார். உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் திருத்தித் திருத்தி வளர்த்தனர். ஏட்டைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்டவர் வழிவந்த நமக்கு, யாரும் படிக்கலாம் என்று எழுதிவைத்த ஒரு பெரும்படைப்பின் அருமையை நான் விளக்கவும் வேண்டுமோ? 2005 இல் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு என்னும் சிறு கம்பெனியை வாங்கியது. லினக்ஸ் உட்கருவின்மேல் கட்டப்பட்ட அதன் இயங்குதளத்துடன் முதற்செல்பேசி 2008 இல் வெளிவந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்தது, மேல்மாடி பூட்டியது. பிளே ஸ்டோர், வரைபடம் முதலியன கூகுளின் சொந்தச் சரக்கு. அவற்றைத் தருவதற்குக் கூகுள் விதித்த நிபந்தனைகள் நேர்மையானவையல்ல என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. திறந்த அடித்தளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த கம்பெனி ஒன்று 'பாரோஸ்' என்னும் இயங்குதளத்தை 2023 இல் அறிமுகப்படுத்தியது. அதே ஐஐடியில் 'சக்தி' என்னும் சில்லு வடிவமைப்பும் நடக்கிறது. கணக்கில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள் இவற்றை நோக்க வேண்டும்.

இயங்குதளம் என்பது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் போட்டி, நமக்கென்ன என்று எண்ணுவோர் ஸ்ரீபெரும்புதூரை நினைத்துப் பார்க்க. 2006 இல் நோக்கியா அங்கே தொழிற்சாலை திறந்தது. வட மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து, வீட்டைவிட்டு வெளியே சம்பளத்துக்குச் சென்றறியாத இளம்பெண்கள் பலர் அங்கு வேலைக்குச் சேர்ந்தனர். அங்குச் செய்யப்பட்டவை பெரும்பாலும் எளிய பொத்தான் செல்பேசிகள். அக்கம்பெனியின் உயர்வகைச் செல்பேசிகளை இயக்கியது சிம்பியன் என்னும் இயங்குதளம். ஐஃபோனும் ஆண்ட்ராய்டும் வந்தபின் சிம்பியன் தளர்ந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா அதனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸைத் தழுவியது, அதுவும் கைகொடுக்கவில்லை. 2014 ஏப்ரலில் செல்பேசித் தொழில் ஏறத்தாழ முழுவதும் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிற்று. வரி வழக்கு ஒன்றினால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. சில மாதங்கள் ஒப்பந்தத்துக்குச் செய்துகொடுத்தது. ஒப்பந்தம் முறிக்கப்படவே, 2014 நவம்பர் முதல் நாளோடு உற்பத்தி நின்றது. வரி வழக்கும் ஒரு காரணம்தான். எல்லாப் பழியையும் மென்பொருள்மேல் போடுவது முறையன்று. ஆயினும், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் ஒரு மென்பொருள் தோற்றதன் அதிர்ச்சி நம் ஊர்ப் பெண்களின் சம்பளநாள் வரை வந்து சேர்ந்தது. சிம்பியன் என்னும் பெயரையே அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பர்? வெளியேறியோரில் என் மாணவியரும் இருவர் உண்டு. ஒருவர் தையல் தைக்கிறார். மற்றவர் அதே வட்டாரத்தில் வேறொரு செல்பேசி ஆலையில் மீண்டும் சேர்ந்தார். 2019 முதல் ஐஃபோன்களும் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் பொருத்தப்படுகின்றன. பொருத்துவது இங்கே, வடிவமைப்பது கலிஃபோர்னியாவில், மையச் சில்லு வார்க்கப்படுவது தைவானில். பணத்தின் பெரும்பங்கு எங்கே நிற்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி நம் வீடுகளில் எரியும் நெருப்புக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு, தன்னுள் நிறுவப்படும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் ஒன்று கொடுத்துத் தனியறையில் வைக்கிறது. ஓர் அறையிலிருப்பது மற்றோர் அறைக்குள் எட்டிப்பார்க்க முடியாது. தொடர்பு எண்கள், படங்கள், ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியன பொது அறையில் பூட்டியிருக்கின்றன. சாவி உங்கள் கையில். 2015 இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, செயலி அச்சாவியை வேண்டும்போது திரையில் கேட்க வேண்டும் என்று விதித்தனர். 'அனுமதி' என்பதை நாம் தொட்டால்தான் திறக்கும். பூட்டு நல்ல பூட்டுத்தான். கேட்டவர்க்கெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டால் பூட்டு என்ன செய்யும்?

மூன்றாண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கடன் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் பெற்றான். வங்கிக்குப் போயிருக்கலாமே என்று எளிதாகக் கேட்டுவிடலாம். வங்கி வாயிலில் நம்மவர் கேட்கும் கேள்விகளை அவன் அறிந்திருந்தான். செயலி கேட்ட எல்லா அனுமதிகளையும் தந்தான். கைக்கு வந்தது 3,000க்குச் சற்று மேல்; ஏழாம் நாள் முழுத்தொகையும் கட்டச் சொன்னார்கள். ஒரு நாள் தவறியது. அவன் செல்பேசியிலிருந்த எண்கள் அனைத்துக்கும், அவன் தங்கையின் ஆசிரியை முதல் எனக்கும்கூட, அவனைத் திருடன் என்று படத்துடன் செய்தி வந்தது. அவன் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. நான்காம் நாள் ஏரிக்கரையில் அமர்ந்திருந்தவனைக் கண்டுபிடித்து அழைத்துவந்தோம். இன்று நலமாக இருக்கிறான், இக்கூட்டத்திலும் இருக்கிறான். இதைச் சொல்லுமாறு என்னிடம் கூறியவனே அவன்தான்.

கேளுங்கள்: கடன் செயலிகள் தொடர்பு எண்களையும், படக் கோப்புகளையும், அழைப்புப் பட்டியலையும் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்துவிட்டது. கேட்கும் செயலி, கேட்ட மாத்திரத்திலேயே நெறி தவறியது. அமைப்புகளில் 'அனுமதிகள்' என்னும் பகுதிக்குச் சென்று கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். மிரட்டல் வந்தால் 1930 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். இணையக் குற்றங்களில் பணம் இழந்தோர்க்கான அரசு உதவி எண் அது. முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள்; அவர்களிடம் சொல்ல அஞ்சினால் என்னிடம் வாருங்கள். எந்நேரமும் வரலாம்.

பழைய செல்பேசி வாங்குவோர்க்கு இரண்டு சொற்கள். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று தோன்றும், அதுவே ஐஎம்இஐ. 2023 மே மாதத்தில் நடுவண் அரசு தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அவ்வெண்ணைக் கொடுத்தால் அது தடைசெய்யப்பட்ட கருவியா என்பது தெரியும். தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டுக் காவல்நிலையத்தில் நிற்க வேண்டிவந்தால், அங்கே யார் சொல் எடுபடும், யார் சொல் எடுபடாது என்பதை நாம் அறிவோம். இரண்டாவது, அமைப்புகளில் 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்று ஒரு தேதி இருக்கும். அது ஈராண்டுக்கு முற்பட்டதாயின் அச்செல்பேசியின் ஓட்டைகளை அடைப்பார் யாருமில்லை. படம் பார்க்கலாம், பேசலாம்; வங்கிக் கணக்கை அதில் வைக்க வேண்டா. உறுப்புகள் திடமாக இருக்கும்போதே இப்படிக் கைவிடப்படுவதற்குக் காரணம், சில்லு செய்தவரும் செல்பேசி செய்தவரும் பழைய கருவிக்கேற்ப மென்பொருளைத் திருத்தித் தருவதை நிறுத்திவிடுவதே. விலையுயர்ந்த சில செல்பேசிகளுக்கு ஏழாண்டு தருவதாகக் கூகுளும் சாம்சங்கும் 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அறிவித்தன. நம்மால் வாங்க முடிகிற விலையில் உள்ளவற்றுக்கு அத்தனை ஆண்டுகள் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஏழைக்கு விற்ற பூட்டு விரைவில் துருப்பிடிக்கும் என்பது பழைய கதைதான்.

நேரம் கடந்துவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு செய்தியைக் கூறி அமர்கிறேன். 2021 இல் என் வாயிலில் வந்து நின்ற அம்மாணவி பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னணுப் பிரிவில் பயின்று, இப்போது என் பழைய மாணவரின் கடையில் உருப்பெருக்கியின் கீழ்ச் சில்லைப் பெயர்த்து ஒட்டும் வேலை பழகுகிறாள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் கழகக் கட்டடத்தின் பின்னறையில் அவ்விருவரும் இருப்பர். வீட்டில் கிடக்கும் செத்த செல்பேசிகளைக் கொண்டு வாருங்கள். திருப்புளிகளும் பேட்டரி நெம்பும் தகடுகளும் அவர்கள் கொண்டுவருவர். பெண்பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்த வேண்டும் என்பது அம்மாணவி விதித்த நிபந்தனை, நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.